எழுபது விரல் இருட்டு

கோப்ரேஸ் என்றால் குப்பை. நான் வைகிறேன் என்று நினைக்க வேண்டாம், பெற்றவர்கள் வைத்த பெயரே அதுதான். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதையாவது சாவு கண்டுகொள்ளாமல் போகட்டும் என்று குப்பை என்று கூப்பிட்டார்கள். எங்கள் நைல் கரை ஊர்களில் தெருவுக்கு ஒரு குப்பை உண்டு. பெரும்பாலும் அவர்கள்தான் மற்ற எல்லோரையும் விடக் கொழுகொழு என்று வளர்வார்கள்.

நான் பனிஸ்கோஸ், விளக்கெண்ணெய் ஆட்டி விற்பவன். கோப்ரேஸின் வீட்டுக்கு எதிர்வீடு. அவனைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் காரணம் இருக்கிறது.

அப்பன் விட்டுப்போன சணல் வயல் அவனுக்கு இருந்தது. நல்ல மண். பேசாமல் விதைத்து அறுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு வருடம் சணலை விற்றுவிட்டு வருகிறேன் என்று அலெக்ஸாந்திரியாவுக்குப் படகேறினான். விற்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதானே? அங்கே யாரோ ஒரு ஆசிரியர் மர நிழலில் உட்கார்ந்து, வானத்தைக் கணக்கால் அளக்கலாம் என்று பாடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். இவன் போய் ஓரமாக உட்கார்ந்தான். ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்தே இருந்தான். திரும்பி வரும்போது சணல் விற்ற பணமும் இல்லை, அவன் மனைவி ஹெராயிஸ் கேட்டிருந்த வெண்கல அண்டாவும் இல்லை. இரண்டு கூடை நிறையப் பாப்பிரஸ் சுருள்கள் வந்து இறங்கின. சூரியன், சந்திரன், ஐந்து கோள்கள், ஆயிரத்துச் சொச்சம் நட்சத்திரங்கள் என்று வானத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்த அந்தப் பெரிய நூல். மொத்தம் பதிமூன்று சுருள். எங்கள் தெருவில் அதற்குப் பெயரே ‘பதிமூணு’ என்று ஆகிவிட்டது.

“அண்டா எங்கேங்க?” என்று படித்துறையிலேயே கேட்டாள் ஹெராயிஸ்.

“இதுக்குள்ள வானமே இருக்குடி.”

“வானத்துல பயறு வேகுமா?”

அவன் கூடைகளைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு போனான். சுமைகூலிக்காரன் தொட்டால் கசங்கிவிடுமாம்.

அவன் அந்த நூலைப் படித்தான் என்று சொன்னால் பொய். பூஜித்தான் என்று சொன்னால் சரி. தினமும் தேவதாரு எண்ணெயைத் துணியில் தொட்டு ஒவ்வொரு சுருளையும் துடைப்பான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் முன்னுரையை மனப்பாடமாக ஒப்பிப்பான். ஆனால் விரிப்பது என்றால் உயிர் போய்விடும். பாப்பிரஸ் விரிசல் விட்டுவிடும் என்று, வேண்டிய வரி எங்கே இருக்கிறதோ அதை மட்டும் நாலு விரல் அகலத்துக்குத் திறந்து பார்த்துவிட்டு உடனே சுருட்டிவிடுவான். மாப்பிள்ளை முகத்தைக் கதவிடுக்கு வழியாகப் பார்க்கிற பெண்பிள்ளை கூட அதைவிட அதிகமாகத் திறப்பாள். ஊரில் யாருக்கும் அது தெரியாது. பதிமூன்று சுருள் வைத்திருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

இனி அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் பொதுக் குளியல் மண்டபம் ஒன்று உண்டு. அதன் அடியில் ஒரு அடுப்பு. வருடத்துக்கு ஒருவரை நகர சபை தேர்ந்தெடுக்கும். அந்த வருடம் முழுக்க அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. வைக்கோல், பதர், எரிப்பவன் கூலி, உடைந்த குழாய் எல்லாம் அவர் செலவு. இதற்குப் பெயர் ‘மரியாதை’. ஆட்டுக்கும் மாலை போட்டுத்தான் கூட்டிப்போகிறார்கள், அதுவும் மரியாதைதான். ஹெராயிஸின் அப்பாவுக்கு இந்த மரியாதை கிடைத்தது. எட்டாவது மாதம் வீட்டை விற்றார். அடுத்த மாதம் ஒரு காலையில் செருப்பைக் கூடப் போடாமல் பாலைவனப் பக்கம் நடந்தார். இன்றுவரை தகவல் இல்லை.

இந்தக் கதை நடந்த வருடம் பெயர் விழுந்தது கோப்ரேஸுக்கு. அவன் எப்படியாவது தப்பித்தால் அடுத்த பெயர் பனிஸ்கோஸ், அதாவது நான். காரம் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

தப்பிக்க ஒரு வழிதான் இருந்தது. தத்துவஞானிகளுக்கு விலக்கு உண்டு என்று எப்போதோ ஒரு சக்கரவர்த்தி உத்தரவு போட்டிருந்தார். அந்த உத்தரவு வந்த வருடம் எங்கள் ஊரில் தாடி வளர்ந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பன்றிக்கறி விற்கிறவன் கூடத் தாடி வைத்துக்கொண்டு, “இருப்பது என்றால் என்ன?” என்று வாடிக்கையாளரைக் கேட்டான். அதனால் சபையும் உஷாராகிவிட்டது. தாடி போதாது, ஊரறிய நிரூபிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

கோப்ரேஸ் நிரூபிக்கக் கிளம்பினான். வயலை அடகு வைத்தவன் போலப் பத்து நாள் தூங்காமல் கணக்குப் போட்டான். பதினோராம் நாள் காலையில் என் செக்கடிக்கு ஓடி வந்தான். கண் இரண்டும் கோவைப்பழம்.

“அண்ணே! பாவுனி மாசக் கடைசில சூரியனுக்குக் கிரகணம். விடிஞ்சதுலருந்து நாலாம் மணி நேரத்துல. ஆறாவது சுருள்ல இருக்கு.”

“பெருசா, சின்னதாடா?”

“எழுபது விரல்ணே.”

சூரியனின் அகலத்தைப் பன்னிரண்டு விரல் என்று வைத்துத்தான் கிரகணத்தை அளப்பது வழக்கம். எவ்வளவு விரல் மறைகிறதோ அவ்வளவு பெரிய கிரகணம். இது எனக்கே தெரியும்.

“ஏன்டா, சூரியனே பன்னண்டு விரல்தான். அதுல எழுபது விரல் எப்படிடா மறையும்?”

ஒரு கணம் விழித்தான். அடுத்த கணம் முகம் மலர்ந்துவிட்டது. “அதான்ணே விசயமே! சூரியன மூடினது போக அம்பத்தெட்டு விரல் இருட்டு மிச்சம். அது அப்படியே நம்ம ஊரு மேலதான் எறங்கப்போகுது.”

வாசலில் நின்ற ஹெராயிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். “மிச்ச இருட்ட எந்தப் பானையில ஊத்தி வைக்கிறது? அந்த அண்டாவையாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்.”

நூலில் எழுபது என்று இருந்ததை அவன் கண்ணால் பார்த்தான். அதில் பொய் இல்லை. எங்களுக்கு எழுத்துதான் எண். முதல் எழுத்து ஒன்று, அடுத்தது இரண்டு, இப்படியே போகும். வட்டமாகச் சுழித்து எழுதுகிற எழுத்து எழுபது. என் கடைக் குடுவைகளின் மேல்கூட அப்படித்தான் குறித்து வைத்திருப்பேன். ஆறாவது சுருளில் அந்த வரியில் விரல் கணக்குக்கு நேரே ஒரு வட்டம் இருந்தது, தலையில் ஒரு சின்னக் கோட்டோடு. இவன் அதைப் பார்த்தான், எழுபது என்று படித்தான், சுருட்டி வைத்தான்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. எழுபது விரல் இருட்டு எத்தனை நாள் நீடிக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் எல்லோரும் விளக்கெண்ணெய் வாங்க வந்தார்கள். என் பரண் காலியானது, பக்கத்து ஊரில் வாங்கி விற்றேன், அதுவும் காலியானது. தலைக்குத் தடவ வைத்திருந்ததையும் ஒருத்தி பிடுங்கிக்கொண்டு போனாள். கோப்ரேஸ் ஜெயித்தால் அடுப்பு என் தலையில். அவன் பேச்சாலோ என் வியாபாரம் செழிக்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எண்ணெய் அளந்தேன்.

சொன்ன நாளும் வந்தது. சபைத் தலைவர் தியோனம்மோன் கோயில் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஐபிஸ் பறவைக் கோயில் பூசாரி ஆட்களோடு, இருட்டை விரட்ட வெண்கலத் தாம்பாளங்களைத் தட்டத் தயாராக நின்றார். ஊரே கூடியிருந்தது. கையில் ஏற்றி வைத்த விளக்கு, இடுப்பில் வெங்காயமும் ரொட்டியும். நடுவே கோப்ரேஸ், சலவை செய்த சணல் வேட்டியில், கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

மூன்றாம் மணி போனது. நாலாம் மணி வந்தது. பூசாரி தாம்பாளங்களை அடித்து நொறுக்கினார். சூரியன் ஒரு ரோமம் கூட அசையவில்லை. பாவுனி மாதக் கோடை வெயில் எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்தாம் மணிக்குத் தியோனம்மோனின் மொட்டைத் தலை பழுத்துவிட்டது. கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் நிற்கிற ஐந்நூறு பேர், ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்கவில்லை.

“ஏய் குப்பை! எங்கடா உன் இருட்டு?” என்று யாரோ கத்தினான்.

“பொறுங்க, பொறுங்க, வருது” என்றான் கோப்ரேஸ்.

வரவில்லை. முதல் வெங்காயம் அவன் முதுகில் விழுந்தது. அப்புறம் மற்றவை. என் பங்குக்கு நானும் சிரித்தேன். அடுப்பு அவனுக்குத்தான் என்று முடிவாகிவிட்டதல்லவா, நிம்மதியில் சிரிப்பு தானாக வந்தது.

அன்று சாயங்காலம் துக்கம் விசாரிக்கிற சாக்கில் அவன் வீட்டுக்குப் போனேன். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான். வீட்டுக்குள் நுழைந்தவன் நின்றுவிட்டேன். ஆறாவது சுருள் கூடம் முழுக்க விரிந்து கிடந்தது. சுவருக்குச் சுவர். அவன் அதன் மேலேயே மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். பாப்பிரஸ் அங்கங்கே விரிசல் விட்டிருந்தது, அவன் கவனிக்கவே இல்லை. ஆத்திரத்தில் கிழிக்கத்தான் எடுத்திருக்கிறான், எடுத்தது விரிந்துவிட்டது என்று ஹெராயிஸ் பிறகு சொன்னாள்.

“அண்ணே, இங்க வாங்க. இந்தப் பத்திய மேலருந்து படிங்க.”

படித்தேன். பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று இறங்கி வந்தது. நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. அதற்கடுத்து அந்த வட்டம்.

“எறங்கி எறங்கி ஒண்ணு வரைக்கும் வந்தது, அடுத்து எழுபதுன்னு குதிக்குமாண்ணே?”

“குதிக்காது.”

“ஒண்ணுக்குக் கீழ என்ன?”

“ஒண்ணுக்குக் கீழ ஒண்ணுமில்ல.”

“அதேதாண்ணே! இது எழுபது இல்ல. இது ‘ஒண்ணுமில்ல’! இத எழுதின மனுசன் ஒண்ணுமில்லைக்குன்னு ஒரு குறி போட்டு வச்சிருக்காரு!” அவன் எழுந்து கூடத்தில் ஆடவே ஆரம்பித்துவிட்டான். “அன்னிக்கு நாலாம் மணிக்கு ஒண்ணும் மறையாதுன்னு எழுதியிருக்கு. ஒண்ணும் மறையல! ஊரே சாட்சி! புஸ்தகம் சொன்னா சொன்னதுதாண்ணே!”

மாமனாரைத் தின்ற அடுப்பு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, முதுகில் வெங்காயம் பட்ட தடம் ஆறவில்லை, இவன் ஆடுகிறான். ஹெராயிஸ் அடுப்படி மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு முதல் முறையாக அவன் மேல் பொறாமை வந்தது. என் வாழ்நாளில் எதைப் பார்த்தும் நான் அப்படி ஆடியதில்லை.

மறுநாள் சபை கூடியது. அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. ஐபிஸ் கோயில் பூசாரி முந்திக்கொண்டார்.

“கிரகணம் வந்தது உண்மைங்க. எழுபது விரலும் வாசல் வரைக்கும் வந்துருச்சு. நாங்க தாம்பாளம் அடிச்சு வெரட்டிட்டோம். கோப்ரேஸ் முன்னாடியே சொல்லலைன்னா ஊரு போயிருக்கும். அவருக்கு விலக்கு குடுங்க. கோயிலுக்கு ஒரு காளை போதும்.”

சபையில் எல்லோர் முகமும் தெளிந்தது. பட்டப்பகலில் விளக்கோடு நின்ற முட்டாள்களாக இல்லாமல், ஊரைக் காத்தவர்களாக ஆகிவிடலாமே. தியோனம்மோன் புண்ணான தலையைத் தடவிக்கொண்டே, “என்ன கோப்ரேஸ், அப்படித்தானே?” என்றார்.

ஒரு தலையாட்டல் போதும். வயல் அவனுக்கு, காளை பூசாரிக்கு, அடுப்பு எனக்கு. கூட்டத்தின் பின்னால் நின்ற ஹெராயிஸ் அவனைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

“இல்லைங்க ஐயா” என்றான் கோப்ரேஸ்.

“என்னது?”

“தாம்பாளத்துக்குப் பயந்து நிக்கிற கணக்கு இல்லைங்க இது. ஒண்ணும் மறையாதுன்னுதான் புஸ்தகத்துல இருக்கு. ஒண்ணுமில்லங்கற குறிய நான் எழுபதுன்னு படிச்சுட்டேன். புஸ்தகம் சரி. கழுதை நான்தான்.”

ஹெராயிஸ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பூசாரி காளை போகிறதே என்று பல்லைக் கடித்தார்.

“ஒண்ணுமில்லைக்குக் குறியா?” தியோனம்மோன் முன்னால் சாய்ந்தார். “ஒண்ணுமில்லைன்னா எதுக்குய்யா எழுதணும்? சும்மா விட்டுட வேண்டியதுதானே?”

“சும்மா விட்டா, எழுத மறந்தாரா, நெஜமாவே ஒண்ணுமில்லையான்னு தெரியாதுங்களே.”

“ஐயா, அது சரிதான்” என்றார் சபை எழுத்தர், தன்னை அறியாமல். “வரிக் கணக்குல எடம் வெறுமையா இருந்தா யார் வேணா எதையாவது நிரப்பிடலாம். நானே எத்தனையோ…” அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

“ஒண்ணுமில்லாததுக்கு ஒரு பேரு, ஒரு குறி, ஒரு எடம்னா, அது எதோ ஒண்ணு ஆயிடுச்சே?” என்று கேட்டார் பன்றிக்கறி வியாபாரி. அவர் தாடி இன்னும் இருந்தது.

சபை அதைப் பிடித்துக்கொண்டது. கோப்ரேஸ் பதில் சொன்னான். அவர்கள் மடக்கினார்கள். அவன் மறுபடி சொன்னான். நிழல் சுவரிலிருந்து முற்றத்துக்கு நகர்ந்துவிட்டது, பேச்சு மட்டும் ஒண்ணுமில்லையை விட்டு நகரவில்லை. கடைசியில் தியோனம்மோன் கையை உயர்த்தினார்.

“இவன் வாய்க்கு வந்ததச் சொல்றான்னு வச்சா, பொய்யன், அடுப்புக்குப் போகட்டும். அந்தக் குறிய வேற யாராவது பாத்திருக்கீங்களா?”

யாரும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். என் செக்கு, என் வீடு, என் பரண் எல்லாம் பத்திரம். ஆனால் கோப்ரேஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் கூட எரிச்சலில் பேசாமல் இருந்திருப்பேன். வயலே போனாலும் நூலைப் பொய்யாக்க மாட்டேன் என்று நிற்கிற ஒருவனைப் பார்த்தால் மனுசனுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. எனக்கு ஆகிவிட்டது.

“நான் பாத்தேங்க” என்றேன். “பன்னண்டுலருந்து ஒண்ணு வரைக்கும் எறங்கி வருது. அதுக்குக் கீழ அந்த வட்டம். எழுபது இல்ல. அவன் சொல்றது நெசம்.”

“யாரு, விளக்கெண்ணெயா?” என்று யாரோ சிரித்தார்.

தியோனம்மோன் சிரிக்கவில்லை. தீர்ப்புச் சொன்னார்.

“கையில வந்து விழுந்த விலக்கை வேணாம்னு தள்ளினான். இல்லாத ஒண்ணப் பத்திக் காலையிலருந்து பேசறான், இன்னும் முடிக்கல. நமக்கும் ஒரு வார்த்தை புரியல. இதுக்கு மேல ஒரு தத்துவஞானி எப்படிய்யா இருப்பான்? விலக்கு குடுத்தாச்சு.” எழுத்தர் பக்கம் திரும்பினார். “அடுத்தது யாரு?”

எழுத்தர் என்னைப் பார்த்தார். எழுதி வைத்த பெயரைப் படிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை.

கோப்ரேஸ் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. “அண்ணே, உங்களுக்கு என்ன செய்யப்போறேன்” என்றான். ஹெராயிஸ் என் காலிலேயே விழுந்தாள். நல்லது செய்தால் மனசு இலேசாகும் என்பார்கள். என் மனசு ஒரு வருட வைக்கோல் கட்டின் எடையில் இருந்தது.

வருடம் பிறக்கிற தோத் மாதம் முதல் தேதி அடுப்பு மூட்டினேன். உள்ளே புகை, வெளியே வெயில், இரண்டுக்கும் நடுவில் நான். மேலே மண்டபத்தில் விலக்குப் பெற்ற பெரியோர்களுக்கு முதல் தண்ணீர், அது ஊர் வழக்கம். பதரை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தபோது அடுப்பறை வாசலில் நிழல் தட்டியது. இடுப்பில் ஈரத் துண்டோடு கோப்ரேஸ், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க” என்றான். “தண்ணி இன்னும் கொஞ்சம் சுட்டா நல்லாருக்கும்.”

நான் இன்னொரு கட்டு வைக்கோலை உள்ளே தள்ளினேன்.